அம்மா பாதத்துக்குக் கட்டர் போகும் வழி

அல்லிநகரம், தேனி
15.11.2008, சனிக்கிழமை

அன்பு மகள் ஜாய்ஸுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நீ புனேயில் சுகமாக இருப்பாய், அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போ. இங்கே எல்லாரும் சுகம் என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன், இந்தத் தடவை அதைச் சொல்ல வாய் வரவில்லை. கை முழுக்க எண்ணெயாக இருப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை செல்வி பட்டறையில் ஸ்டூல் போட்டு எழுதுகிறாள். சொல்வதை மட்டும் எழுது, வாலை ஆட்டாதே என்று சொல்லியிருக்கிறேன். (அக்கா, வாலைச் சுருட்டி ஸ்டூலுக்கு அடியில் வைத்துவிட்டேன். அடைப்புக்குறிக்குள் வருவது மட்டும் நான். மற்றதெல்லாம் அப்பா.)

விஷயம் அம்மாவின் பாத அச்சைப் பற்றியது. போனில் சொல்ல முடியாது, போன் வீட்டில் இருக்கிறது, அம்மா பக்கத்திலேயே நிற்பாள். சர்க்கரையால் அவள் பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது என்று மதுரை டாக்டரம்மா சொன்னபோது நீயும் கூட இருந்தாய். செருப்புக்குள் அவள் காலுக்கென்றே வார்த்த மெத்தை இருந்தால்தான் புண் வராது, ஒரு புண் வந்து ஆறாமல் நின்றால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். நீதான் அம்மாவின் கால் அளவை வைத்துக் கம்ப்யூட்டரில் பாதத்தை வரைந்து, நம் பட்டறை மெஷினில் அதை வெட்டுகிற கட்டர் எந்த வழியில் போக வேண்டும் என்று புரோகிராம் எழுதி அனுப்பினாய். நான் அலுமினியத்தில் அச்சு வெட்டி, ரப்பர் தாளைச் சூடாக்கி அதன்மேல் அழுத்தி மெத்தை செய்தேன். பட்டுப்போல இருக்கிறது என்று அம்மா உன்னிடம் ஞாயிற்றுக்கிழமை சொன்னாள் அல்லவா, அவளுக்கு எது வைத்தாலும் பட்டுதான், அவளுக்குத் தெரியாதே.

நான் உன்னிடம் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். உன் புரோகிராம் குதிகாலிலிருந்து விரல் வரை நீளவாக்கில் கோடு கோடாக உழுதுகொண்டு போவது, மொத்தம் ஐந்தே கால் மணி நேரம். இங்கே கரண்ட் போகிற நேரத்துக்கு இப்போது கணக்கே கிடையாது. பேப்பரில் பத்திலிருந்து பன்னிரண்டு என்று போடுகிறான், ஒன்பதரைக்கே போகிறது, சாயங்காலம் சொல்லாமல் இன்னொரு தடவை போகிறது. நம் ஜெனரேட்டர் லைட்டையும் டிரில்லையும் தாங்கும், இந்த மெஷினைத் தூக்காது. (ஊருக்குக் கரண்ட் கட்டு, வீட்டில் அம்மா காலுக்கும் கட்டு. இதை எழுதியதற்குக் குட்டு வாங்கிவிட்டேன், அதனால் அழிக்க மாட்டேன்.) அன்றைக்கு முன்பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே கட்டர் ஓடும்போது கரண்ட் போய்விட்டது. வந்த பிறகு கட்டரின் உயரத்தைத் திரும்பத் தொட்டுப் பார்த்து வைத்து, விட்ட இடத்திலிருந்து ஓட்டினேன். தலைமயிர் கனம் கீழே இறங்கிவிட்டது. அச்சில் குறுக்கே ஒரு மெல்லிய பள்ளம், நகம் வைத்தால் தட்டியது. பட்டறையில் என்னோடு நிற்கிற பேச்சிமுத்து, “அண்ணே, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா போயிரும்ண்ணே” என்றான். அந்த இடத்தில் டாக்டரம்மா சொல்லி நீ வைத்த மேடு இருக்கிறது, தேய்த்தால் மேடு எவ்வளவு போகும் என்று யாருக்குத் தெரியும். ரப்பர்தானே, அமுங்கிவிடும் என்று விட்டுவிட்டேன். முப்பது வருஷம் வேலை பார்த்தவன், வெளியாள் வேலை என்றால் அப்படி விட்டிருக்க மாட்டேன். அச்சில் பள்ளம் என்றால் மெத்தையில் மேடு என்பது எனக்குத் தெரியாதா.

மெத்தை போட்ட நாலாம் நாள் செல்வி விளையாட்டாக, அம்மா கட்டிலில் படுத்துப் பாட்டுப்புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தபோது, கோழி இறகால் உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டியிருக்கிறாள். அம்மா அசையவே இல்லை. “நடிக்காத ஆத்தா, எனக்குத் தெரியும்” என்று இவள் இன்னும் அழுத்தி மூட்டியிருக்கிறாள். அம்மா திரும்பிப் பார்த்து, “என்னடி, கால் மாட்டுல ஒக்காந்து என்ன பண்ற” என்று கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் இவள் பார்த்தாள், பெருவிரலுக்குக் கீழே குறுக்காகச் சிவப்பாக ஒரு கோடு, நடுவில் தோல் உப்பி நீர் கட்டியிருந்தது. இவள் ஓடி வந்து பட்டறை வாசலில் பேச்சு வராமல் நின்றாள், இவளுக்குப் பேச்சு வரவில்லை என்றதுமே எனக்கு உயிர் போய்விட்டது. (அது உண்மைதான். நான் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன் அக்கா.) இங்கே ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு, கால் ஊன்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். உடைந்துவிட்டது, இன்னும் மூடவில்லை. தினமும் கட்டுப் பிரிக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன், செல்விதான் பார்த்து நிறம் சொல்கிறாள். 25-ஆம் தேதி மதுரைக்குப் போக வேண்டும். “டாக்டரம்மா என்ன சொல்லப் போறாகளோ” என்று அம்மா சாதாரணமாகத்தான் கேட்கிறாள்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், நிதானமாகப் படி. போடியில் தலையணைக்கு வாங்கிய இலவம்பஞ்சில் ஒரு பிடி எடுத்து அச்சு முழுக்க இழுத்துப் பார்த்தேன். நடுப் பாதத்திலும் முன்பாதத்திலும் எங்கேயும் மாட்டவில்லை, அந்தப் பள்ளத்தைத் தவிர. குதிகாலின் இரண்டு பக்கச் சரிவிலும் ஒவ்வொரு கோட்டிலும் பஞ்சு பிடித்தது, படிக்கட்டுபோல நிற்கிறது. சரிவான இடத்தில் நீளவாக்கில் பக்கம் பக்கமாக நகர்ந்தால் கட்டர் ஒவ்வொரு தடவையும் நிறைய இறங்கிவிடுகிறது, கம்ப்யூட்டரில் சமமாகத் தெரிந்தாலும் கையில் தெரிகிறது. அதனால் சரிவுக்கு மட்டும், மேலிருந்து ஒரே மட்டமாகச் சுற்றிச் சுற்றி இறங்குகிற வழியைப் போடு. அதையே பாதம் முழுக்கப் போட்டுவிடாதே, தட்டையான இடத்தில் அது மலைவயல் மாதிரி அகல அகலமாக வரப்பு விடும். தட்டையான இடத்துக்கு உன் பழைய நீளக் கோடே சரி. (கட்டர் போகும் வழியை டூல்பாத் என்று அப்பா சொல்லும்போதெல்லாம் எனக்கு டூலே, பாத்துப் போ என்றுதான் கேட்கிறது.) இரண்டு வழியும் சேருகிற இடத்தில் எப்படியும் ஒரு தழும்பு வரும். அது குதிகாலுக்கு அடியிலும் வரக் கூடாது, விரலுக்குக் கீழும் வரக் கூடாது. உள்வளைவில் விழட்டும், அங்கேதான் உடம்பின் கனம் இறங்காது. இன்னொன்று, ஒரே புரோகிராமாக அனுப்பாதே. நாலைந்து துண்டாக்கி, எந்தத் துண்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடாதபடி, அது முடிகிற இடமும் கனம் இறங்காத ஓரமாக இருக்கும்படி பிரி. கரண்ட் வந்ததும் ஒரு துண்டு ஓட்டுவேன், போகும் நேரம் நெருங்கினால் அடுத்ததைத் தொடமாட்டேன். நேற்று வேறு வேலைக்கு மெஷினைப் போட்டேன், ஸ்டார்ட் பட்டனில் விரல் வைத்துவிட்டு அழுத்த முடியாமல் நின்றேன், பேச்சிமுத்துதான் வந்து அழுத்தினான்.

இந்தக் கடிதத்தோடு கூரியர் பார்சலில் அந்த அச்சையும் மெத்தையையும் சேர்த்து அனுப்புகிறேன். நீ விரலால் தடவிப் பார்க்க வேண்டும் என்பதற்காக மட்டும் இல்லை. வீட்டில் வைத்திருந்தால் அம்மா போட்டுக்கொள்கிறாள். ஒளித்து வைத்தேன், அரிசிப் பானையிலிருந்து தேடி எடுத்துவிட்டாள். கட்டுக்கு மேலேயே செருப்பை மாட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்கிறாள், கேட்டால், “பெரியவ அங்கன இருந்து செஞ்சு குடுத்தது, அது எப்படி என்னைய நோகடிக்கும்” என்கிறாள். பாலிஷ் போட வேண்டும் என்று பொய் சொல்லித்தான் எடுத்து வந்திருக்கிறேன். (பானை என் யோசனை. அம்மா என்னைப் பெற்றவள் என்பதை மறந்துவிட்டேன்.)

இது கிடைத்ததும் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திராமல் போன் பண்ணி அவளிடம் கண்டித்துச் சொல், புது மெத்தை வரும் வரை கால் ஊன்றக் கூடாது என்று. என் பேச்சைக் கேட்க மாட்டாள், உன் பேச்சைக் கேட்பாள். ஏன் என்று கேட்டால் உன் புரோகிராமில் தப்பு என்று சொல்லி நீ சுமக்காதே. அப்பா பள்ளத்தைத் தெரிந்தே விட்டுவிட்டார் என்று சொல். அதை அவளிடம் நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அவள் பரவாயில்லை என்று சொல்லிவிடுவாள், அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

நேரத்துக்குச் சாப்பிடு, மெஷின் பக்கம் போகும்போது துப்பட்டா போடாதே. கர்த்தர் உன் கண்ணுக்கும் கைக்கும் துணையாக இருந்து உன் வேலையை ஆசீர்வதிக்கட்டும். புரோகிராம் 20-ஆம் தேதிக்குள் மெயிலில் இங்கே வந்துவிட வேண்டும், மறவாதே. ஒவ்வொரு துண்டுக்கும் மேலே எத்தனை நிமிஷம் என்று எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
சுந்தர்ராஜ்

(அக்கா, அப்பா கையைத் துடைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார், ஆனாலும் கோணலாக வந்திருக்கிறது. நான் போட்டது என்று நினைத்துவிடாதே. என் பிராக்ரஸ் ரிப்போர்ட்டில் நான் போடுகிற அப்பா கையெழுத்து நேராக இருக்கும். இது அவரே போட்டது. சீக்கிரம் அனுப்பு. - செல்வி)