பதினொரு பேருக்கு ஒரே ரத்தம்

ஜூலை 8, செவ்வாய்

இன்று என் இடது கையில் நான்கு ஊசி, வலது கையில் இரண்டு. வகுப்பில் பதினெட்டுப் பேர் இருக்கிறோம். என் கைக்கு மட்டும்தான் இந்தக் கிராக்கி. என் ரத்தக்குழாய் அப்படி. பட்டையைக் கட்டினால் கயிறு மாதிரி எழுந்து நிற்கும். “பிஜியுடெ கையில் கண்ணடச்சு குத்தாம்” என்று ஜினு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவள் உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டுதான் குத்துகிறாளோ என்று எனக்குச் சந்தேகம்.

லேப் டெக்னீஷியன் படிப்பில் இந்த வருடம் இதுதான் கண்டம். ஆகஸ்ட் ஒன்றாம் தேதிக்குள் ஒருவருக்கொருவர் இருபது தடவை ரத்தம் எடுக்க வேண்டும். கை கொடுத்தவர் ரெக்கார்டில் கையெழுத்துப் போட வேண்டும். இருபது இல்லாதவர்களை ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு அனுப்ப மாட்டார்கள். ஒரு வருடம் அப்படியே போய்விடும்.

என் ரெக்கார்டில் ஒன்பது கையெழுத்து இருக்கிறது. நான் எடுத்தது? ஒன்றுகூட இல்லை. இதை இந்த நோட்டில் மட்டும்தான் எழுத முடியும்.

ஊசியை இன்னொருவர் தோலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் ‘ஐயோ, வலிக்குமே’ என்று இருக்கிறது. கை தானாகப் பின்னால் வந்துவிடுகிறது. அதனால் ஓர் ஏற்பாடு. அவர்கள் என் கையில் குத்துவார்கள். பதிலுக்கு, நான் அவர்களைக் குத்தியதாகக் கையெழுத்துப் போடுவார்கள். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

ஜூலை 10, வியாழன்

ஐந்து பேர். கையெழுத்தை அடுத்த வாரம் மொத்தமாகப் போடுகிறார்களாம். இந்தப் புழுக்கத்தில் முழுக்கை சுடிதார்.

ஜூலை 14, திங்கள்

மாட்டிக்கொண்டேன். காலையில் துணி துவைக்கும்போது கையைச் சுருட்டியது தப்பு. அம்மா பார்த்துவிட்டாள்.

“எம்மாடி! பிள்ளெ, இது என்னவாக்கும்?”

நான் சொல்வதற்குள் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். அப்பா ராஜையன், கொத்தனார். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் கரண்டியைப் போட்டுவிட்டு என் பையைக் கவிழ்த்தார். ரப்பர் பட்டை விழுந்தது. ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்றும் விழுந்தது. தினமும் பேப்பரில் வருகிற போதைமருந்துச் செய்தியெல்லாம் அப்பாவின் முகத்தில் ஓடியது.

“மக்களே, உள்ளதச் சொல்லு. அப்பன் அடிக்கமாட்டேன்.”

நான் ‘காலேஜ், பிராக்டிகல்’ என்று சொல்லச் சொல்ல, அம்மா பாஸ்டருக்குப் போன் போட்டுவிட்டாள். பத்தே நிமிடத்தில் அவர் பைக்கில் வந்து இறங்கினார். என் தலையில் கைவைத்து, என்னைப் பிடித்திருக்கும் சாத்தானை எங்கள் பாறசாலை எல்லைக்கு அப்பால் துரத்தினார். தமிழ்நாட்டுக்காரர்கள் பாடு! ஜெபம் முடிந்த பிறகுதான் ரெக்கார்டைக் காட்ட விட்டார்கள்.

அப்பா ஒவ்வொரு கையெழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். “ஒம்பது பேருக்கு எம் பிள்ளெ ஊசி குத்தி ரெத்தம் எடுத்திருக்கு, பாஸ்டரே!” என்றார். பாஸ்டர் ‘ஆமென்’ என்றார்.

காலேஜுக்குப் போகிற பஸ்ஸில் தம்பானூர் ஸ்டாண்டு வரும்வரை ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தேன். பேசாமல் அந்தச் சாத்தானே என்னைப் பிடித்திருக்கலாம்.

ஜூலை 18, வெள்ளி

இன்று கூட்டாளியின் ரத்தத்தை எடுத்து, குழாயில் கூட்டாளி பெயரை ஒட்டி, அதன் குரூப்பையும் வெள்ளணுக்களில் எந்த வகை எத்தனை சதவீதம் என்பதையும் பார்த்து எழுதிக் கொடுக்கிற பிராக்டிகல். வகுப்புக்கு முன்னால் ஜினு வந்தாள். அவளுடைய கூட்டாளி ஜெயன் சாயா குடிக்கப் போனவன் திரும்பவில்லையாம். “நின்றெ கை ஒன்னு தா, பிளீஸ்.” கொடுத்தேன். அவளைப் பார்த்து இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றது.

ஆளுக்கு இரண்டு மில்லி. பதினொரு பேர். என் பெயருக்கு என் கூட்டாளி எடுத்தது தனி. பிறகு கான்டீனில் எனக்கு இரண்டு பழம்பொரி வாங்கிக் கொடுத்தார்கள்.

ஜூலை 21, திங்கள்

வகுப்பு முழுவதற்கும் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள்! என்ன விஷயம் என்று யாருக்கும் தெரியவில்லை. லலிதாம்பாள் டீச்சர் ரிசல்ட்டுகளைத் தூக்கிக்கொண்டு பிரின்சிபல் அறைக்கு ஓடியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுகிறார்கள். நாளை எல்லோரும் மலம் பரிசோதனைக்குக் கொண்டுவர வேண்டுமாம்.

இன்னொன்று. ஜெயன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ‘நான் ஏபி நெகட்டிவ்’ என்று போட்டிருக்கிறான். அபூர்வ ரத்தக்காரர்கள் குரூப் ஒன்றிலும் சேர்ந்துவிட்டானாம்.

ஏபி நெகட்டிவா? அது என் குரூப் அல்லவா?

ஐயோ.

ஜூலை 22, செவ்வாய்

டீச்சருக்கு வீடு வலியசாலை அக்ரகாரத்தில். பாடம் மலையாளத்தில் நடத்துவார். கோபம் வந்தால் வீட்டுத் தமிழ் வந்துவிடும். இன்று முதல் வார்த்தையே தமிழ்.

“பதினெட்டுப் பேர்ல பன்னெண்டு பேர் ஏபி நெகட்டிவ். நூறு பேர்ல ஒருத்தன் அகப்படறதே துர்லபம். பன்னெண்டு பேருக்கும் ஈசினோஃபில் பதினாலு சதவீதம், வயித்துல பூச்சி இருந்தா ஏறற வெள்ளணு. இது கிளாஸா, இல்ல ஒரே பிரசவத்துல பொறந்த குழந்தேளா?”

டீச்சர் ஜெயனை உட்காரவைத்துத் தானே ரத்தம் எடுத்து, எங்கள் கண்ணெதிரே குரூப் பார்த்தார். ஓ பாசிட்டிவ். தெருவுக்கு நூறு பேர் இருக்கிற ஓ பாசிட்டிவ். ஜெயன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “எல்லாரும் கையச் சுருட்டுங்கோ” என்றார் டீச்சர். அந்த நேரம் பார்த்து எனக்கு நாலு தும்மல். அப்பாவின் சிமென்ட் தூசியில் வளர்ந்தவள் நான். சின்ன வயசிலிருந்தே தும்மல்தான், ஈசினோஃபிலும் அதனால்தான் ஏறிக் கிடக்கிறது. டீச்சர் என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

“நன்னாருக்கு. ஊருக்கெல்லாம் பூச்சி மாத்திரை குடுத்து என்னை அசடாக்கிட்டேளே!”

கையெழுத்து ஏற்பாடும் வெளியே வந்துவிட்டது. தீர்ப்பு: எல்லோருடைய கையெழுத்தும் ரத்து. ஒன்றாம் தேதிக்குள் டீச்சர் முன்னால் புதிதாக இருபது. பிஜியின் கையை யாரும் தொடக் கூடாது.

மற்றவர்களுக்குக் குத்தத் தெரியும். என் கையில் பழகியவர்கள். எனக்கு?

ஜூலை 25, வெள்ளி

எல்லோரும் பத்தைத் தாண்டிவிட்டார்கள். நான் ஜினுவிடம் மூன்று தடவை உட்கார்ந்தேன். “வலிக்குமா?” என்று கேட்டேன். “வலிக்கும். குத்தெடீ!” என்றாள். பட்டையை அவிழ்த்துவிட்டு எழுந்துவிட்டேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஜூலை 26, சனி

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஒன்பதும் பொய், ஒன்றுகூட நான் எடுக்கவில்லை என்று. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அப்போ இருபதும் பாக்கியாக்கும்” என்றார். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். படுத்து அழுதேன்.

ஜூலை 28, திங்கள்

எடுத்துவிட்டேன்! எடுத்துவிட்டேன்!

ஜெயனுக்குப் பட்டை கட்டி, வழக்கம்போல் திணறிக்கொண்டிருந்தேன். ஏபி நெகட்டிவ் போன கோபம் அவனுக்கு இன்னும் ஆறவில்லை. “ஒனக்கு இது பறஞ்ஞ பணியில்ல, பிஜி. பேசாம பேஷன்டா கெட. அதுக்குத்தான் நீ மிடுக்கி” என்றான். குத்துவதற்கு நான் லாயக்கில்லையாம், குத்து வாங்கத்தான் கெட்டிக்காரியாம்!

இரண்டு கையிலும் முப்பது ஊசி வாங்கியிருக்கிறேன். இவன் வாங்கியது எத்தனை? சுர்ரென்று ஏறியது. எப்போது குத்தினேன் என்று தெரியாது. குழாயில் ரத்தம். “அம்மே!” என்று கத்தினான் ஜெயன். அவ்வளவு அழகான சத்தத்தை நான் கேட்டதில்லை.

அடுத்து ஜினு கையை நீட்டினாள். கோபம் போய்விட்டிருந்தது, கையும் ஓடவில்லை. ஜினு ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு என் அம்மா கொடுத்தனுப்புகிற மீன்கறியை நாய்கூடத் தின்னாது என்றாள். வாரத்தில் மூன்று நாள் அந்தக் கறியை வழித்துத் தின்கிறவள்! குத்தினேன். வந்தது.

ஜூலை 30, புதன்

வகுப்பே வரிசையில் நிற்கிறது. ஒவ்வொருவரும் கையை நீட்டுவதற்கு முன் என்னைத் திட்ட வேண்டும், ஜினுவின் ஏற்பாடு. என் மூக்கு, என் நடை, நான் மலையாளம் பேசுகிற லட்சணம், பாறசாலையிலிருந்து வருகிற பஸ்ஸின் நாற்றம் — எல்லாம் ஆயிற்று. இரண்டு பேர் முந்தின நாளே எழுதிவைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். “இது லேபா, சாலைக் கம்போளத்துச் சந்தையா?” என்றார் டீச்சர். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்டார்.

பதினான்கு.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மூன்று மணிக்குப் பத்தொன்பது. கடைசிக் கை மறுபடியும் ஜெயனுடையது. சரக்குத் தீர்ந்துபோய் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஜெயன், “ஸாரி பிஜி, ஒண்ணும் தோணல. நீ நல்ல குட்டியாக்கும்” என்றான். படுபாவி!

அப்போது டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார். மெதுவாகத்தான் சொன்னார்: “குத்தப் பயந்துண்டு பொய்க் கையெழுத்து வாங்கினவதானே நீ?”

கோபத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. உள்ளதைச் சொன்னால் எங்கிருந்து வரும்? வெட்கத்தில் காது சுட்டது. “ஆமா டீச்சர்” என்றேன்.

சொல்லிவிட்டுக் கீழே பார்த்தால் ஊசி உள்ளே இருந்தது. ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. ஜெயன் கத்தவில்லை, எனக்கே தெரியாதபோது அவனுக்கு எப்படித் தெரியும்? பட்டையை அவிழ்த்தேன், பஞ்சை வைத்தேன். டீச்சர் பேனாவைத் திறந்தார்.

வீட்டில் அப்பா ஒவ்வொரு கையெழுத்தையும் மறுபடி விரல் வைத்துப் பார்த்தார். “இது பூராவும் பிள்ளெதானா?” என்றார். ஆமாம் என்றேன். இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டார்.

செப்டம்பர் 17, புதன்

ஆஸ்பத்திரி. ரத்தம் எடுக்கும் கவுன்டரில் இன்று இருபத்தேழு பேர். ஒருவர்தான் திட்டினார், டோக்கன் மாறியதற்கு. அதற்குள் அவருக்கு எடுத்து முடித்திருந்தேன்.