எஸ்தர் சிரித்த படம்

சனிக்கிழமை, 15 நவம்பர் 1986. சித்தூர்.

சபை ஹாலில் வீடியோ பார்த்தவர்கள்: போதகர், அவர் சம்சாரம், என் வீட்டுக்காரர், நான், மகள் எஸ்தர், பாகாலாவிலிருந்து வந்த நாத்தனார்.

ஊழியப் படம் என்று சொல்லித்தான் போதகர் கேசட்டை வாடகைக்கு எடுத்து வந்தார். அட்டையில் வெள்ளைக்காரன் ஒருவன் ஆப்பிரிக்கப் பிள்ளைக்கு மருந்து ஊட்டுகிறான். அதைப் பார்த்து ஏமாந்திருக்கிறார். போட்டால் கேலிக்கூத்து. கல்யாணத்துக்குப் பயந்து சேவைக்குப் பேர் கொடுத்த சோம்பேறி, கிணறு வெட்டச் சொன்னால் மரத்தடியில் தூங்குகிறான். பேதியில் கிடக்கும் பிள்ளைகளைக் கண்டு மூக்கைப் பொத்துகிறான். அதற்கு ஒரு சிரிப்பு!

எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் எஸ்தர். ஜனவரியில் அதே ஆப்பிரிக்காவுக்கு மிஷன் நர்ஸாகப் போகிறவள். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"அதுல இன்னாடி அவ்ளோ சிரிப்பு?"

"அவனும் என்ன மாதிரி புடிக்காமதான் போறாம்மா. அவனாச்சும் தானே பேர் குடுத்தான். எனக்கு நீ குடுத்த, நான் பொறக்கறதுக்கு முன்னாடியே."

"ஒரு சினிமாவுக்குப் போயி அம்மாளும் பொண்ணும் சண்ட போட்டுக்கினு!" என்று இவர் அதற்கும் சிரித்தார்.

மூன்று பிள்ளைகளைப் புதைத்த பிறகு, இது பிழைத்தால் உம்முடைய ஊழியத்துக்கு என்று பொருத்தனை செய்தேன். அப்போது இவர் சிரிக்கவில்லை.

படம் எடுத்தவன்மேல் எரிச்சல். போதகர்மேல் எரிச்சல். அவள்மேலும்தான். ஆனால் நேர்ந்தது நான், போகப்போவது அவள். கொடுத்ததைத் திரும்பக் கேட்டால் குற்றமா, ஆண்டவரே? திங்கட்கிழமை காலை மிஷன் தாளில் கையெழுத்துப் போடப் போகிறாள். அதற்குள் பதில் சொல்லும்.