ஒழுகாத வீடு

17 ஜூலை 1996
ஹெப்பாளில் வரப்போகும் எங்கள் வீடு இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. அஸ்திவாரத்துக்கு வானம்கூடத் தோண்டவில்லை, அதற்குள் சிமெண்ட் விலை ஏறிவிட்டதென்று கட்டித் தரப்போகும் மல்லப்பன் கையைப் பிசைகிறார். முன்பணம் கட்டிய எல்லாக் குடும்பமும் என்னைத்தான் பேசச் சொல்லியிருக்கிறது. பேக்டரி ஸ்டோரில் வருஷக்கணக்காகப் பேரம் பேசியவன், விடுவேனா?

21 ஜூலை
ஜெயம். பேசின விலைக்கு மேல் மல்லப்பன் ஒரு பைசா கேட்கமாட்டார். மாதப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஹனூர்ப் பக்கத்துக்காரர், என் ஷிஃப்ட். அடுத்த வீடு அவருக்கு. "நீங்க இல்லீன்னா நானெல்லாம் பாதியில உட்டுட்டுப் போயிருப்பனுங்ணா."
வீட்டில் மனைவி ரூபாவிடம் இதை இரண்டு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

9 பிப்ரவரி 1997
தளம் போட்டாகிவிட்டது. மல்லப்பன் இன்று தனியே கூப்பிட்டார். "இந்த ரேட்ல மேலே தண்ணி எறங்காம தட்டோடு பதிக்க ஆகல்ல சார். வெறும் பூச்சுதான். மாடிக்குப் படியும் இல்ல, யாரு ஏறிப் பாக்கறாங்க? உங்க வீட்டுக்கு மட்டும் பதிச்சுக் கொடுக்கறேன். நீங்க சும்மா இருந்தா போதும்."
மழை வந்தால் மற்ற வீடுகள்?
வாய்வரை வந்தது — கேட்கவில்லை. காபி வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

10 பிப்ரவரி
ரூபாவிடம் சொல்லவில்லை.

20 ஏப்ரல்
கிரகப்பிரவேசம். எல்லாரும் சேர்ந்து எனக்கு மாலை போட்டார்கள். ஏன் போடுகிறீர்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. போட்டோவுக்குச் சிரித்தேன்.

14 ஜூன்
விடாத மழை. எங்கள் வீட்டைத் தவிர எல்லா வீடும் ஒழுகுகிறது. மாதப்பன் வீட்டில் சமையல் மேடைக்குக் கீழேதான் காய்ந்த இடமாம். அவர் மனைவி மாதேவி கைக்குழந்தையை அங்கே படுக்க வைத்திருக்கிறாள்.
எதிர்வீட்டுக் கெம்பம்மா எங்கள் வீட்டுக்கு வருவது ஜன்னலில் தெரிந்தது. குளியலறை பக்கெட்டைத் தூக்கிவந்து கூடத்தின் நடுவில் வைத்தேன். கொஞ்சம் தண்ணீரும் ஊற்றி.
"உங்க வீட்லயும் சோருதா சார்? பாவம், நமக்காக எவ்வளவு அலஞ்சீங்க."
ரூபா அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கெம்பம்மா போனபிறகு மல்லப்பன் விஷயத்தை ரூபாவிடம் சொல்லிவிட்டேன். அவள் பக்கெட்டை எடுத்து வைத்தாள். சீ, என்ன மனுஷன் நான்?

22 ஜூன்
மழை விட்டிருக்கிறது. மாதப்பன் ஏணியும் தாரும் கொண்டுவந்தார். "மொதல்ல உங்க வீடுதானுங்ணா." வேண்டாம், வேண்டாம் என்றேன். ஏறிவிட்டார். தலைக்கு மேல் அவர் நடக்கும் சத்தம். அப்புறம் தட்டோட்டைத் தட்டித் தட்டிப் பார்க்கும் சத்தம். இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டார். என் பக்கம் பார்க்காமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

6 ஜூலை
மாதப்பன் இப்போதெல்லாம் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருவதில்லை. ஊருக்கே சொல்லியிருப்பார் என்று தினமும் பயந்துகொண்டிருந்தேன். இன்று கெம்பம்மா என்னை வாசலில் நிறுத்தினார்.
"உங்க வீட்டு ஒழுகலயும் அடச்சுட்டேன்னு மாதப்பன் சொன்னாரு. நின்னுதா சார்?"
பக்கத்து வாசலில் மாதப்பன் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றிருந்தார்.
நின்றுவிட்டது என்றேன்.