விளக்கு அணை

1943 ஜூன் 14

ஜப்பான் கணக்குப்படி இது 2603ஆம் ஆண்டு என்று எழுத உத்தரவு. அறுநூற்று அறுபது வயது கூடிவிட்டது எனக்கு. முடி மட்டும் பழைய கணக்கிலேயே நரைக்கிறது.

ரப்பர் எஸ்டேட்டின் பின்னால் ஓடி லிங்கி நதியில் சேரும் ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டப் போகிறோமாம். வெள்ளத்தைத் தடுக்கும், மின்சாரமும் தரும். கட்டப்போகிறவர் புதிய ஜப்பானியத் தொரை. சண்டைக்கு முன் சிரம்பானில் பல் வைத்தியர். பொந்து அடைப்பதில் இருபது வருஷ அனுபவம். ஆறு மட்டும் என்ன, கொஞ்சம் பெரிய வாய்தானே?

எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி என்பதால் என்னைக் கூப்பிட்டு, இதற்குத் தமிழில் என்ன என்று மலாயில் கேட்டார். "அணை" என்றேன். மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஜூன் 29

அறுபது பேர் வேலையில். பால்மரக் கட்டை, சாக்கு, மண். சிமெண்டு இல்லை. வரைபடம் உண்டு. அதில் தண்ணீருக்குள் மீன்கூடப் போட்டிருக்கிறார்.

ஜூலை 11

மண் சுமக்கும் பெண்களுக்குத் தலைவி முத்தாயி. அவள் அடுக்கிய சாக்குகளுக்கு நடுவே விரல் நுழைகிறது. "ஒழுகுதே, கண்ணு தெரியலியா?" என்றேன்.

"ஒழுகட்டும் கிராணி ஐயா. ஒழுகினாத்தானே அடைக்கலாம்."

இவ்வளவு மூளையோடு நாற்பது வயதுவரை எப்படி உயிரோடு வந்தாள்?

ஜூலை 30

சிரம்பான் மேலிடத்துக்கு மாத அறிக்கை நான்தான் எழுத வேண்டும். தொரை படிக்காமல் முத்திரை குத்துவார். அணை நிற்காது என்பதற்கு ஏழு காரணங்கள் எழுதியிருக்கிறேன். ஏழாவது பத்தி மிக அழகு. நாளை தபாலில்.

ஜூலை 31

வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் தங்கராஜு வந்தார். என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன், பெருமையாகத்தான்.

"படிச்சவருதான் லா நீங்க. அணை வேணாம்னு சிரம்பான்காரன் சொல்லிட்டா அறுபது பேரும் எங்க போவாங்க?"

"பால் வெட்ட."

"எவன் வாங்குறான் பால? சயாமுக்குப் போவாங்க, ரயில் ரோடு போட. சித்திரையில முத்தாயி புருஷன் போனான், ஒரு கடுதாசி உண்டா? அணை வேலையில பேரு இருக்கிற வரைக்கும்தான் ஆள் ஏத்துற லாரி நம்ம லயத்துக்கு வராது. வேணாம்னாலும் போச்சு, முடிஞ்சாலும் போச்சு."

எனக்குத் தெரியாததா? சயாமுக்குப் போனவர்களின் சித்திரைப் பட்டியலைத் தட்டச்சு செய்ததே நான்தானே. ஏழு காரணங்களை எண்ணின சுகத்தில் அறுபது பேரை எண்ணவில்லை. சே, என்ன ஜென்மம்டா நீ.

கிழித்துவிட்டேன். புதிய அறிக்கை: "வேலை திருப்தி. முடியக் காலமாகும்." அழகே இல்லை.

ஆகஸ்ட் 22

முடிந்துவிட்டது! பல் வைத்தியருக்கு இவ்வளவு அவசரம் எதற்கு? நாளை மறுநாள் திறப்பு விழா. சிரம்பான் பெரிய அதிகாரி வருகிறார். அறுபது பேரை ஏற்றிப்போகக் கூடவே மூன்று லாரி. முத்தாயியின் மகன்கள் இரண்டு பேரும் அதில். நான் என்ன செய்ய? எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 24

கொட்டகை, கொடி, ஒரே ஒரு பல்பு. மக்கள் சந்தோஷமாக ஒத்துழைப்பதைக் காட்ட, சுவிட்சுக்குப் பக்கத்தில் முத்தாயியை நிறுத்தினார்கள். தட்டினாள். எரிந்தது. அவித்த முட்டை அளவு வெளிச்சம்.

தொரை பூரித்துப்போய் ஆற்றை நோக்கிக் கையை நீட்டி, எங்களுக்குப் புரியும்படி தமிழில் முழங்கினார்: "அணை! அணை!"

முத்தாயி அணைத்துவிட்டாள்.

போடச் சொன்னார்கள். போட்டாள். "அணை!" மறுபடி இருட்டு. மூன்றாம் தடவை டைனமோவே சலித்துப்போய் நின்றுவிட்டது.

அதிகாரி தொரையை அறைந்தார். தொரை என்னை அறைந்தார். தண்ணீரை அணை தடுத்தாலும் அறை கீழே வந்துவிடுகிறது. அடுத்து தொரை முத்தாயி பக்கம் திரும்பியதும் மலாயில் சொன்னேன்: "இவளுக்கு மூளை கிடையாது. உத்தரவு மட்டும்தான் தெரியும்." ஓங்கிய கை அடிக்காமலே இறங்கியது. கீழ்ப்படிதல் அவர்களுக்குப் பிடித்த குணம்.

தீர்ப்பு: அணை சரியில்லை, டிசம்பருக்குள் திருத்த வேண்டும். லாரிகள் காலியாகத் திரும்பின.

கன்னத்தைத் தடவிக்கொண்டு வந்தவனை முத்தாயி வழியில் பிடித்தாள். "எனக்கு மூளை இல்லியாமே?" மலாய் அவளுக்கும் தெரியும்.

"அவர் ஆத்து அணையத்தானே சொன்னாரு, முத்தாயி?"

"ஆமா. தெரியாமலா?"

அக்டோபர் 19

ஒழுகுகிறது. அடைக்கிறோம். ஒழுகுகிறது.

நவம்பர் 27

மூன்று நாள் மழை. காலையில் அணை லிங்கிப் பக்கம் போய்விட்டது. தாழ்நிலத்து மரவள்ளி முழுக்கத் தண்ணீருக்குள். அணை இல்லாத வருஷங்களில் இப்படி வெள்ளம் வந்ததில்லை.

தொரை கரையில் நின்று, "அணை இல்லை" என்றார். பிழையில்லாத தமிழ்.

சயாமில் பாதை போன மாதமே முடிந்துவிட்டதாம். இப்போதைக்கு ஆள் கேட்கவில்லை.

பெரட்டு வரிசையில் பேர் கூப்பிட்டேன். அறுபது குரலும் வந்தன. முத்தாயியின் சின்ன மகன் கொட்டாவி விட்டுக்கொண்டே "இருக்கேன்" என்றான். சித்திரைப் பட்டியலின் நகல் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவன் அப்பன் பேர் அதில் பதினேழாவது. கோடு போட்டு அடிக்கவில்லை. கூப்பிடவும் இல்லை.