சுருளா, பட்டையா

1994 செப்டம்பர் 12, திங்கள்

காலையிலிருந்து காற்று ஓயவில்லை. மேற்குப் புல்வெளியில் இருபத்தாறு மாடுகளும் எண்ணிக்கைக்குச் சரி. திரும்பி வரும்போது, வாசலில் மாடு தாண்டாமல் இருக்கத் தரையில் பதித்த கம்பிகள் மேல் ஏறியதும் பிக்கப் வண்டியின் பின்பக்கம் ‘டங்’கென்றது. இறங்கிக் குனிந்து பார்த்தேன். வலது பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் உட்காரும் இடம் துருவேறி உடைந்துவிட்டது. வண்டி ஒரு பக்கமாகச் சரிந்து, கால் ஊனமான பசு மாதிரி நிற்கிறது.

“லைல்!” என்று கூப்பிட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் கண்ணை மூடி ஐந்து மாதம் ஆகிறது. வாய்க்கு இன்னும் தெரியவில்லை.

செப்டம்பர் 14, புதன்

மெக்கானிக் வெர்ஜில் வந்து வண்டியைக் கட்டி இழுத்துப் போனார். அதுவரைக்கும் ஓட்டிக்கொள்ளத் தன் பழைய காரைக் கொடுத்தார். பட்டறையில் வண்டிக்கு அடியில் படுத்தபடியே பேசினார்.

“அறுபத்தொன்பதாம் வருஷத்து வண்டி ரெண்டு விதமா வந்துச்சு நோலாம்மா. சில பேர் சுருள் வாங்குனாங்க, சில பேர் பட்டை பட்டையா அடுக்கின ஸ்பிரிங் வாங்குனாங்க. உங்களுது சுருள். பழையபடி சுருளே போடலாம். இல்லன்னா காயலான் கடையில இதே மாதிரி வண்டி ஒண்ணு கவுந்து கிடக்கு, அதோட பட்டையைக் கழட்டி இதுல மாட்டலாம். எப்படிப் போட்டாலும் சேஸிஸ்ல வேலை இருக்கு.”

“எது நல்லது?”

“நீங்க என்ன ஏத்தப் போறீங்க? அதைச் சொல்லுங்க, நான் சொல்றேன்.”

சின்னக் கேள்விதான். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மாடுகள் இருந்தால் குளிர்காலம் முழுக்கப் புல்லுக்கட்டும் தீவன மூட்டையும். மாடுகள் இல்லையென்றால் — ஒருத்திக்கு எவ்வளவு மாவு, எவ்வளவு காபித்தூள்? அதைக் கையிலேயே கொண்டு வரலாமே.

செப்டம்பர் 15, வியாழன்

முடிவு செய்யவில்லை. முட்டை வறுத்து நின்றபடியே சாப்பிட்டேன்.

செப்டம்பர் 18, ஞாயிறு

ரேப்பிட் சிட்டியிலிருந்து மகள் கோரின் போனில் பேசினாள். வண்டி கதையைச் சொன்னேன்.

“வண்டியையும் வித்துரு, மாட்டையும் வித்துரும்மா. இங்க கீழ ரூம் காலியாத்தான் கிடக்கு. உன் இடுப்பைக் கொஞ்சம் நினைச்சுப் பாரு.”

“காத்து சத்தத்துல ஒண்ணும் கேக்கல கோரின்.”

கேட்டது. எல்லாம் கேட்டது. அவள் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டம்.

செப்டம்பர் 20, செவ்வாய்

தீவனக் கடையில் நான்கு பேர் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கேட்கவே இல்லை, விஷயம் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

“பட்டை போடுங்க. மலையைத் தூக்கி வெச்சாலும் அசையாது.”

“ஆமா, காலியா ஓட்டிப் பாரு. பல்செட்டு கழண்டு மடியில விழும்.”

“உனக்கு விழுந்தா நல்லதுதான். பேச்சாவது குறையும்.”

சிரித்தார்கள். பிறகு ஒருவர், “லைல் இருந்தா பட்டைதான் போட்டிருப்பான்” என்றார். எல்லாரும் மடியிலிருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டார்கள்.

உண்மைதான். மலிவாகக் கிடைத்ததென்று சுருள் வண்டியை வாங்கிவிட்டு, இருபது வருஷமாக அதே மேஜையில் உட்கார்ந்து, “சுருள் வில்லு கட்டில் மெத்தைக்குடா, வண்டிக்குப் பட்டை” என்று கத்தியவர். அப்பாடா. அப்படியென்றால் பட்டை. நான் முடிவு செய்ய வேண்டியதில்லை.

செப்டம்பர் 23, வெள்ளி

கொட்டகையில் கயிறு தேடினேன். தார்ப்பாய்க்குக் கீழே இரண்டு அட்டைப் பெட்டிகள். புதுச் சுருள் ஸ்பிரிங், ஒரு ஜோடி, எண்ணெய்த்தாள் கூடப் பிரிக்காமல். பெட்டியில் ஒட்டிய ரசீதில் அவர் பெயர். பிப்ரவரி மாதம்.

லைல், என்னய்யா இது? பட்டை பட்டைன்னு ஊரைக் கூட்டிட்டு — சுருளா? பாரம் ஏத்தப் போறதில்லைன்னு நினைச்சிட்டியா? மாட்டை விக்கத் தீர்மானம் பண்ணிட்டியா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. முப்பத்துநாலு வருஷம்…

பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தேன். மாடு பார்க்கப் போக நேரமாகிவிட்டது.

செப்டம்பர் 24, சனி

வெர்ஜிலிடம் அந்தப் பெட்டிகளைப் பற்றி நேராகக் கேட்டேன். அவர் கையைத் துணியில் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

“பிப்ரவரியில வந்தான். ‘என்னடா, கட்சி மாறிட்டியா’ன்னு கேட்டேன். ‘நோலாவுக்கு இடுப்பு வலி. வாயைத் திறந்து சொல்ல மாட்டா. வாசக் கம்பி வரும்போதெல்லாம் கதவுப் பிடியை இறுக்கிப் பிடிச்சுக்கிறா. பழைய சுருள் தொங்கிப் போச்சு, புதுசு மாத்தணும்’னான். கடையில யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டான். கேலி பண்ணுவாங்களாம்.”

“மாட்டை விக்கிறதாச் சொன்னாரா?”

“சேச்சே. பாரத்தைக் குறைச்சு ஒரு நடைக்கு ரெண்டு நடையா போயிக்கிறேன்னான்.”

காரில் வந்து உட்கார்ந்தேன். சாவியைப் போட வெகுநேரம் ஆனது. ஓட்டும்போது சாலையைத் தவிர எதையும் பார்க்காத மனிதர் என்று நினைத்திருந்தேன்.

அக்டோபர் 1, சனி

ஒரு வாரமாக இதே நினைப்பு.

அவர் இரண்டு பேருக்குக் கணக்குப் போட்டார். ஏற்றுவதும் ஓட்டுவதும் அவர். பக்கத்தில் உட்காருவது நான். அந்தக் கணக்கில் சுருள் சரி. இரண்டு நடையும் சரி.

இப்போது புல்லுக்கட்டைத் தூக்குவது நான், ஓட்டுவது நான், கேட்டைத் திறக்க இறங்குவதும் நான். பனியில் இரண்டாம் நடை போக என் உடம்பில் தெம்பில்லை. ஒரே நடையில் எல்லாம் போக வேண்டும்.

எனக்காக வாங்கியதை நானே பெட்டியில் போட்டு வைப்பதா? எதைப் போடுவதென்று வேறு யாராவது சொல்லிவிட மாட்டார்களா? மாட்டார்கள். அந்த வேலையைப் பார்க்க இங்கே வேறு ஆள் இல்லை.

அக்டோபர் 3, திங்கள்

வெர்ஜிலுக்குப் போன் செய்தேன்.

“பட்டை போடுங்க.”

“நிச்சயந்தானா?”

“என்ன ஏத்தப் போறேன்னு கேட்டீங்கள்ல? புல்லுக்கட்டு. இருபத்தாறு மாட்டுக்கு.”

“சரிங்க” என்றார்.

அடுத்து கோரின். விற்கப்போவதில்லை என்று சொன்னேன். அழுதாள். “பயமா இருக்கும்மா, நீ அங்க தனியா விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும்?” எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது என்றேன். இந்த முறை காற்றைச் சாக்குச் சொல்லவில்லை.

சுருள் பெட்டிகளைத் தார்ப்பாயால் பழையபடி மூடினேன்.

அக்டோபர் 14, வெள்ளி

வண்டி வந்தது. டவுனிலிருந்து வீடுவரை என் எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தேன். தீவனக் கடையில் சொன்னது பொய்யில்லை.

அக்டோபர் 29, சனி

முப்பது கட்டு ஏற்றினேன். நடுவில் நான்கு முறை உட்கார்ந்தேன். ஆனால் பாரம் ஏறியதும் வண்டி மாறிவிட்டது! பின்பக்கம் துளி கூட அமுங்கவில்லை, ஆட்டமும் இல்லை. பள்ளத்தில் இறங்கியது கூடத் தெரியவில்லை. காலி வண்டியைத் திருப்பி ஓட்டி வருவதுதான் கொடுமை.

நவம்பர் 20, ஞாயிறு

பனி. இன்று யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. மாடுகளைத் திட்டியதைச் சேர்க்கவில்லை.

டிசம்பர் 8, வியாழன்

தீவனம் வாங்க டவுனுக்குப் போக வேண்டும். போகும்போது வண்டி காலி. நினைத்தாலே இடுப்பு வலித்தது. வழியில் ஈனோஸ் ஆஸ்ட்ரண்டர் வீட்டில் நிறுத்தினேன். கல்யாணம் ஆகாத கிழவர். கண் மங்கியதால் லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள்.

“டவுனுக்கு அனுப்ப ஏதாவது பாரம் இருக்கா ஈனோஸ்?”

“பாரமா? ஒரு வருஷத்து விறகு பிளந்து அடுக்கி வெச்சிருக்கேன். வாங்க ஆள் இருக்கு, கொண்டு போகத்தான் ஆள் இல்ல. எதுக்குக் கேக்குற? புண்ணியம் தேடுறியா?”

“புண்ணியமும் இல்ல, மண்ணும் இல்ல. என் இடுப்புக்கு.”

இருவரும் சேர்ந்து ஏற்றினோம். அவரும் ஏறிக்கொண்டார். நான் கூப்பிடவில்லை.

1995 ஜனவரி 12, வியாழன்

இது நான்காவது விறகு நடை. ஈனோஸ் வாய் ஓயவே இல்லை: அவருடைய முழங்கால், செத்துப்போன கோவேறு கழுதை, வானொலியில் சொன்ன விலைகள். போகும்போது பாதி தூரம் எரிச்சலாக இருந்தது. வரும்போது அவர் தூங்கிவிட்டார். ரொம்ப அமைதியாக இருப்பது போலிருந்தது. வேண்டுமென்றே இருமி எழுப்பினேன்.

வீட்டு வாசலில் இறங்கியவர், “அடுத்த வாரமும் உண்டுதானே?” என்றார்.

“மாடு தின்னுக்கிட்டிருக்கிற வரைக்கும் உண்டு.”

காபி போட்டுவிட்டு கோரினை நானே கூப்பிட்டேன். எங்காவது விழுந்துவிட்டேனோ என்று பதறினாள். ஒன்றுமில்லை, சும்மாதான் என்றேன். பிறகு அந்தக் கழுதைக் கதையைச் சொன்னேன்.