இன்னும் முடிவு செய்யாத மணப்பெண்

அந்தூஸ்,
1788 ஜூன், ஞாயிறு

அன்பு மகன் ஜெரெமிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அண்ணன் ஈசாக் வீட்டாரும் தங்கை சுசானும், கூடு கட்டக் குச்சியில் ஏறிவிட்ட பட்டுப்புழுக்களும் சௌக்கியம். ஆம்ஸ்டர்டாமில் நீயும் உன் நெஞ்சுச்சளியும் எப்படி என்று எழுது, சளி போய்விட்டது என்று எழுதினால் இன்னும் சந்தோஷம். அந்த ஊர் ஈரத்தில் அச்சுக்கூடத்துக்குப் போகும்போது கம்பளிக் காலுறை போட்டுக்கொள்கிறாயா? ஈசாக்கின் குழந்தைக்குப் பல் முளைக்கிறது, வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. இதையெல்லாம் பிறகு சொல்கிறேன், முதலில் சொல்லவேண்டியதைச் சொல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. வியாழக்கிழமை எனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை உன் அப்பாதான். சிரிக்காதே.

உனக்குத் தெரியாததா, கத்தோலிக்கர் அல்லாத நம் சபை மலைக்காட்டில் ஒளிந்து கூடியபோதுதான் போதகர் எங்களைச் சேர்த்துவைத்தார். கத்தோலிக்கக் கோயிலில் நடக்காத கல்யாணம் ராஜாங்கத்தின் கண்ணுக்குக் கல்யாணமே இல்லை, அதனால் இத்தனை வருஷமும் காகிதத்தில் நான் வைப்பாட்டி, நீங்கள் மூன்று பேரும் முறை தவறிப் பிறந்தவர்கள். இப்போது ராஜா புது உத்தரவு போட்டிருக்கிறார். நாம் கூடி ஜெபிக்க இன்னும் அனுமதி இல்லை, ஆனால் நாமும் பிறக்கிறோம், மணக்கிறோம், சாகிறோம் என்பதை மட்டும் ஒத்துக்கொண்டிருக்கிறார். புருஷனும் பெண்டாட்டியும் சாட்சிகளோடு நீதிபதி முன்னால் போய் நின்று சொல்லி, பெற்ற பிள்ளைகளையும் சொன்னால் எல்லாம் சட்டப்படி ஆகிவிடும். உரிமை ராஜா கொடுப்பதல்ல, பிறக்கும்போதே கூட வருவது என்று உன் புத்தகங்களிலிருந்து வாசித்துக் காட்டுவாயே, அதுதான் நினைவுக்கு வந்தது. கூடவே வந்ததைத் திருப்பித் தர எவ்வளவு யோசனை பார் இவர்களுக்கு.

அப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தொப்பியைத் தானே துலக்கினார், நாலு சாட்சிகளைப் பிடித்தார், அதில் ஒருவர் காலுறை நெய்யும் நம் பக்கத்து வீட்டு மசேல். ஆனால் புறப்படும்போது, "ரெண்டு பிள்ளைங்க பேரச் சொன்னாப் போதும், ஈசாக்கும் சுசானும்" என்றார். நீ சபைக்கு வரமாட்டேன் என்று சொன்ன நாளை அவர் இன்னும் விழுங்கவில்லை. "உங்க மனசாட்சில ராஜா கைவைக்கக் கூடாதுன்னா, என் மனசாட்சில நீங்க மட்டும் கைவைக்கலாமா?" என்று நீ கேட்டதற்குப் பதில் இல்லாமல்தானே வாசலைக் காட்டினார். பதில் கிடைத்திருந்தால் அன்றே கோபம் தீர்ந்திருக்கும், எனக்குத் தெரியாதா அவரை. வழியில் என்னைச் சிரிக்கவைக்க சுசான் என் காதில், "அம்மா, சட்டப்படி நீ இன்னும் கன்னிப்பொண்ணு. மாப்பிள்ளை பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடு" என்றாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள்.

நீதிபதி நல்ல மனுஷர், சாப்பாட்டு நேரம் நெருங்கிய பசியில் இருந்தார். அப்பாவைக் கேட்டார், அப்பா மார்பை நிமிர்த்திக்கொண்டு இவள் என் மனைவி என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, நீ உன் சுய விருப்பத்தோடு இவரைக் கணவராகச் சொல்கிறாயா என்று கேட்டார். ஜெரெமி, என் வாழ்நாளில் என் விருப்பத்தை ஒரு அதிகாரி கேட்டது அன்றுதான். "இன்னும் முடிவு பண்ணலைங்கய்யா" என்றேன். மசேலுக்குப் புரையேறியது. "என்னடி பேசற, இத்தன வருசமா என் சோத்தத் தின்னுட்டு?" என்று அப்பா கத்தினார். "நான் ஆக்குன சோத்த நீங்கதான் தின்னீங்க. எம் பிள்ளைங்க மூணு பேரையும் சொல்லுங்க, நானும் சொல்றேன்" என்றேன். "அவன் நம்ம சபையில இல்ல" என்றார். "இங்க சபையக் கேக்கல, யாரு பெத்ததுன்னுதான் கேக்கறாங்க" என்றேன். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பெரியவரே, அந்தம்மாவக் கட்டாயப்படுத்த எனக்கு அதிகாரம் கிடையாது" என்றார். அப்பா விருட்டென்று வெளியே போய்விட்டார்.

சுசானின் முகம் வெளுத்துப்போனது, அவளைப் பெண் கேட்டிருக்கும் வீட்டார் இந்தக் காகிதத்துக்காகத்தான் காத்திருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்காக மற்ற இரண்டையும் கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். அப்பாவைப் போய்க் கூட்டிவரட்டுமா என்று அவளைக் கேட்டேன். "இருந்த எடத்துலயே இரும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள், சின்னப்பெண் என்று நினைத்திருந்தேன். அப்பாவின் பின்னாலேயே போன மசேல், மாடிப்படியில் என்ன நடந்தது என்று பிறகுதான் சொன்னார். அவர் அப்பாவிடம், "உம் பிள்ளைங்களே இல்லன்னு ராஜா இத்தன நாள் சாதிச்சாரு. இப்ப அவரே எறங்கி வந்து உண்டுங்கறாரு, நீ இல்லங்கற. ராஜாவவிடப் பெரிய ராஜாவா நீ?" என்று கேட்டாராம். அதைக் கேட்டதும் அப்பா மறுபடி படியேறினாராம்.

திரும்பி வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. மேஜைக்கு நேரே போய், "ஜெரெமி" என்றார். ஏழு வருஷத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து உன் பேர். நீதிபதி, "மூத்தவர்லேர்ந்து வரிசையாச் சொல்லுங்க" என்றார். "இவன்தான் தொண்டையில சிக்கிக் கெடந்தான், மொதல்ல வந்துட்டுப் போகட்டும்" என்றார் உன் அப்பா. அப்புறம் நான் சம்மதம் சொன்னேன். நன்றாக உரக்கச் சொன்னேன், தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அழுததையும் சொல்லிவிடுகிறேன், நானும் அழுதேன், சாட்சிக்கு வந்தவர்களும் அழுதார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில், "அவன் சொன்னது சரின்னு நான் ஒத்துக்கல" என்றார். ஒத்துக்கொள்ள வேண்டாம், அது உங்கள் உரிமை என்றேன். இரவு சாப்பாட்டை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நீ பதில் எழுதும்போது உறைமேல் அவர் பேரையே எழுது, அவரே பிரிக்கட்டும். முதல் பக்கத்தில் ஜெயித்துவிட்டேன் என்ற தொனி வேண்டாம், உன் தத்துவத்தை இரண்டாம் பக்கத்தில் வைத்துக்கொள். நம் மலைக்காட்டுக் கஷ்கொட்டைப் பருப்பை உலர்த்தி, உன் ஊருக்கு வரும் காலுறை வியாபாரியிடம் ஒரு மூட்டை கொடுத்தனுப்புகிறேன், ஊறவைத்து நன்றாக வேகவிடு.

கர்த்தர் உன்னைக் காப்பாராக, நீ அவரைப் பற்றி என்ன நினைத்தாலும். இனி ராஜாவோ அப்பாவோ உனக்குக் கட்டளையிட முடியாது, ஆகவே நானும் வா என்று கட்டளையிடவில்லை. நீதிபதி என்னைக் கேட்டது போலவே கேட்கிறேன்: உன் சுய விருப்பத்தோடு ஒருமுறை வீட்டுக்கு வருகிறாயா, மகனே?

உன் அம்மா,
ஜுதித்