எதிர் வேட்பாளருக்கு ஓர் அறிமுகம்

பிப்ரவரி 3

அன்புள்ள கறாருக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் "நல்லா இருக்கேன்" என்று நீ சொல்லிமுடிக்கும் வேகத்தை வைத்து என்னால் எதையும் கண்டுபிடிக்க முடிவதில்லை.

செய்தி உன் காதுக்கு வந்திருக்கும். கணினிப் பணியாளர் சங்கத்தின் தலைவர் தேர்தலுக்கு எங்கள் கிளை என் பெயரைக் கொடுத்துவிட்டது. தலைமையகக் கிளை யார் பெயரைக் கொடுத்திருக்கிறது என்று எனக்கு நேற்றுத்தான் தெரியும். வேட்பாளர் இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டி என்று தேர்தல் அதிகாரியிடம் சொன்னேன். இந்த முறையும் நம் அரைப்புள்ளிதான் அதிகாரி. எந்த வாக்கியத்தையும் முடிக்காத மனுஷன். "விதியில அதுக்குத் தடை ஒண்ணும் இல்ல, ஆனா..." என்று நிறுத்தினார். அந்த ஆனாவுக்கு மீதி இன்னும் வரவில்லை.

நம் சங்கத்து வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. வேட்பாளர் தன்னைப் பற்றித் தானே எழுதக்கூடாது. எதிர் வேட்பாளர்தான் அறிமுகம் எழுதவேண்டும், அதைப் படித்துத்தான் உறுப்பினர்கள் வாக்குப் போடுவார்கள். போன தேர்தலில் யாரோ யாருடைய மின்னஞ்சலையோ ஊருக்கெல்லாம் அனுப்பி ரகளையாகிவிட்டதால், வேட்பாளர்களுக்குள் போன், மின்னஞ்சல், குறுஞ்செய்தி எதுவும் கூடாது என்று இப்போது புது விதி வேறு. தபாலை மட்டும் தடை செய்ய மறந்துவிட்டார்கள். ஆக, கணினிக்காரன் உட்கார்ந்து தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். முடிவு வரும்வரை ஞாயிற்றுக்கிழமை போனும் கிடையாது.

ஆஸ்பத்திரியில் நீ செய்த வேலையின் விவரம் எழுது. இன்னொன்று. தலைவராகிறவர் மூன்று வருடம் தலைமையகம் இருக்கிற ஊரில், அதாவது உன் ஊரில், தங்கவேண்டும். அலுவலக மாடியில் ஓர் அறை தருகிறார்களாம். நான் ஜெயித்தால் அங்கே வரவேண்டியிருக்கும்.

அம்மாவின் கட்டில் அப்படியே கிடக்கிறது. உன் மேசையில் நான் எதையும் வைப்பதில்லை.

உன்
சாவகாசம்

பிப்ரவரி 12

அன்புள்ள சாவகாசத்துக்கு,

முதல் கம்பெனியில் நமக்கு வைத்த பட்டப்பெயர்களை மறந்திருப்பீர்கள் என்று நினைத்தேன். தபால்காரர் என் பெயரை இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் உறையைக் கொடுத்தார். நான் இந்த வீட்டுக்கு வந்த நாலு வருடத்தில் என் பெயருக்குக் கையெழுத்தில் எதுவும் வந்ததில்லை.

விவரம் இதுதான். மருந்துச்சீட்டு மென்பொருளை நான் பார்த்துக்கொள்கிறேன். எந்த மருந்தை எழுதினாலும் திரையில் ஓர் எச்சரிக்கைப் பெட்டி வந்துகொண்டிருந்தது, நர்சுகள் படிக்காமலே மூடிக்கொண்டிருந்தார்கள். வார்டில் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு நர்ஸ் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "எல்லாத்துக்கும் கூப்பாடு போட்டா யாரு மேடம் திரும்பிப் பாப்பாங்க?" என்றாள். நிஜமாகவே ஆபத்தான சிலவற்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் எடுத்துவிட்டேன். இப்போது பெட்டி வந்தால் படிக்கிறார்கள். அவ்வளவுதான், வளர்க்காமல் எழுதுங்கள். உங்கள் விவரம் எனக்கு வேண்டாம், எல்லாம் தெரிந்ததுதான்.

'வரவேண்டியிருக்கும்' என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சமையலறையில் நின்றேன். அத்தை படுத்த படுக்கையாக இருந்தபோது உங்களால் அவரை விட்டு வரமுடியவில்லை, என்னால் இந்த வேலையை விடமுடியவில்லை. அது நாம் இரண்டு பேரும் பேசி முடிவு செய்தது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அத்தை போய் ஒன்றரை வருடமாகிறது. அந்த மாதமே இங்கே இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டேன். ஒன்றில் நான் உட்காருகிறேன். இன்னொன்றில் துவைத்த துணி உட்கார்ந்திருக்கிறது. எதிர்வீட்டு டைலரம்மா, "உங்க வீட்டுக்காரர் எப்ப வர்றாரு?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்டுக்கொண்டிருந்தபோதைவிட இப்போதுதான் கஷ்டமாக இருக்கிறது.

இதெல்லாம் தேர்தலுக்குச் சம்பந்தமில்லாதது.

உங்கள்
கறார்

பிப்ரவரி 21

அன்புள்ள கறாருக்கு,

அந்தத் துணியின் மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

நான் ஏன் வரவில்லை என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நீ கூப்பிடவில்லை. ஞாயிறுதோறும் போனைக் காதில் வைத்துக்கொண்டு, 'வாங்க' என்று ஒரு வார்த்தை வருமா என்று காத்திருப்பேன். நீ, "அங்க மழையா?" என்பாய். உன் வேலை, உன் ஊர், நீயாகத் தனியே அமைத்துக்கொண்ட வாழ்க்கை. அதற்கு நடுவில் பெட்டியோடு வந்து சும்மா உட்கார எனக்குக் கூச்சம். தலைவர் என்றால் ஒரு காரணத்தோடு வரலாம். அதற்காகத்தான் கிளையில் கேட்டதும் தலையாட்டினேன். ஜெயிக்கவேண்டும் என்று நான் இதுவரை எதற்கும் இப்படி ஆசைப்பட்டதில்லை.

உன் அறிமுகத்தை எழுதி அடித்து, எழுதி அடித்து, ஒருவழியாக முடித்தேன். சுமாராக எழுதினால் எனக்கு நல்லது என்று தெரியும். கை வரவில்லை. அரைப்புள்ளிக்கு அனுப்பிய வாசகம் இது:

'மென்பொருள் எழுதுகிறவர்கள் எதையாவது சேர்த்துப் பெயர் வாங்குவோம். இவர் எடுத்துப் பெயர் வாங்கியவர். வார்டில் ஒரு நர்ஸ் சொன்ன ஒரு வாக்கியத்துக்காகத் தன் குழு பாடுபட்டு எழுதியதில் பெரும்பகுதியைத் தானே அழித்தார். தப்பு என்றால் முகத்துக்கு நேரே சொல்லுவார். உங்கள் முகம் வாடினால் மறுநாள் டீ வாங்கிக் கொடுப்பார், சொன்னதை மட்டும் மாற்றமாட்டார். நம் சங்கத்தில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் கூப்பாடு போட்டுக்கொண்டிருக்கிறோம். எதற்குப் போடவேண்டும் என்று தெரிந்த ஒருவர் நமக்குத் தேவை. எனக்கு வாக்களிக்க நினைப்பவர்கள் இதை இன்னொரு தடவை படிக்கவும்.'

கடைசி வரியை எடுத்துவிடும்படி கிளையில் கெஞ்சினார்கள். எடுக்கவில்லை.

உன்
சாவகாசம்

மார்ச் 2

அன்புள்ள சாவகாசத்துக்கு,

உங்களைப் பற்றி நான் எழுதிக்கொடுத்தது:

'குடிநீர் வாரியத்தில் பல வருடங்களாகக் கணினிகளைப் பராமரிக்கிறார். நேரம் தவறாதவர். காப்புப் பிரதிகளை ஒழுங்காக எடுத்துவைப்பவர். கிளைக் கூட்டங்களுக்குத் தவறாமல் வருபவர்.'

இதற்குமேல் எழுதவில்லை.

இந்தத் தடவை உங்கள் கடிதம் ஏனோ ஆஸ்பத்திரி முகவரிக்கு வந்திருந்தது. அங்கே பிரிக்காமல் வீட்டுக்கு எடுத்துவந்து படித்தேன். துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

உங்கள்
கறார்

மார்ச் 10

அன்புள்ள கறாருக்கு,

நேரம் தவறாதவனா? கல்யாணத்தன்று என்னைத் தேடி ஆள் அனுப்பியவர்கள் உன் வீட்டார். அதையாவது சிரித்துக்கொண்டு விட்டுவிடலாம். காப்புப் பிரதி எடுத்துவைப்பது ஒரு பெருமையா? அதை யார்தான் செய்யவில்லை? மாதம் ஒரு தடவை ஒரு கணினியை வேண்டுமென்றே அழித்துவிட்டு, பிரதியிலிருந்து அது முழுசாகத் திரும்பி வருகிறதா என்று பார்ப்பேனே, அதைப் பற்றி ஒரு வரி எழுதக்கூடாதா? அதற்காக நான் வாங்கிக்கட்டிக்கொண்ட திட்டு உனக்குத் தெரியாததா? வெள்ளத்தில் வாரியத்தின் சர்வர் அறை மூழ்கியபோது ஊருக்குத் தண்ணீர் நிற்காமல் போனது அதனால்தானே. அந்த வாரம் முழுக்க முழங்கால் தண்ணீரில் நடந்து எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவளே நீதான்.

கிளையில், "அண்ணே, அண்ணி உங்களைக் கவுத்துட்டாங்க" என்று சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகு சிரிப்பு வரவில்லை.

நான் வரவேண்டாம் என்று நினைக்கிறாயா? அப்படியென்றால் நேராகச் சொல்லிவிடு, அதுதானே உன் வழக்கம். நாற்காலியைக் காலி செய்ததாகவும் எழுதுகிறாய், நான் வருகிற வழியையும் அடைக்கிறாய். இதில் எதை நம்புவது?

உன்னைப் பார்க்கவேண்டும் போல் இருக்கிறது. நீ கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துவிட்டு வீடெல்லாம் அதைத் தேடுவதைப் பார்க்கவேண்டும் போல் இருக்கிறது. இங்கே எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

உன்
சாவகாசம்

மார்ச் 30

அன்புள்ள சாவகாசத்துக்கு,

உங்கள் கேள்விக்கு அன்றைக்கே பதில் எழுதினேன். கிழித்துப் போட்டேன். முடிவு தெரியட்டும் என்று காத்திருந்தேன்.

நேற்றுத் தெரிந்துவிட்டது. நான்தான் தலைவர். நாலில் மூன்று பங்கு வாக்கு. அரைப்புள்ளி போனில், "உங்க வீட்டுக்காரர் எழுதினதைப் படிச்சப்புறம் யாருக்குங்க வேற..." என்று நிறுத்தினார். இந்தத் தடவை மீதி எனக்குப் புரிந்தது.

தடை நீங்கிவிட்டது, போன் பண்ணலாம். போனில் நான் மறுபடியும் மழையைப் பற்றித்தான் கேட்பேன். அதனால் எழுதுகிறேன்.

வேண்டுமென்றேதான் அப்படி எழுதிக்கொடுத்தேன். நேரம் தவறாதவர் என்பதைத் தவிர பொய் எதுவும் எழுதவில்லை, சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டேன். வெள்ளத்தைப் பற்றி எழுதியிருந்தால் நீங்கள் ஜெயித்திருப்பீர்கள். பெட்டியோடு வந்து சங்கத்து மாடி அறையில் இறங்கியிருப்பீர்கள். சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டு, கூட்டம் இருக்கிறது என்று எழுந்து போயிருப்பீர்கள். மூன்று வருடம் முடிந்ததும், வந்த வேலை முடிந்தது என்று ஊருக்குத் திரும்பியிருப்பீர்கள். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சங்கத்துக்கும் உங்களுக்கும் நான் நியாயம் செய்யவில்லை என்று உறுத்துகிறது. சங்கத்துக்கு உழைத்து ஈடுகட்டிவிடுவேன். உங்களுக்கு எப்படி ஈடுகட்டுவது என்று தெரியவில்லை.

மாதாமாதம் ஒரு கணினியை அழித்து, திரும்பி வருகிறதா என்று பார்க்கிறீர்கள். நம்மை ஒரு தடவையாவது அப்படிச் சோதித்துப் பார்த்தீர்களா? சரி, நானும்தான் பார்க்கவில்லை. நீங்களாகவே வருவீர்கள் என்று ஒன்றரை வருடம் வீம்பாக உட்கார்ந்திருந்தேன்.

இப்போது உங்களுக்குப் பதவி இல்லை, மாடி அறை இல்லை, இந்த ஊருக்கு வர வேறு எந்தக் காரணமும் இல்லை. இப்போது கூப்பிடுகிறேன். வாங்க.

உங்கள்
கறார்

ஏப்ரல் 8

அன்புள்ள தலைவர் கறாருக்கு,

கோபம் வந்தது. நல்ல கோபம். வெள்ளத்தை விட்டுவிட்டாயே என்பதில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, அதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

அம்மாவின் கட்டிலைப் பிரித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். அறை இவ்வளவு பெரியது என்று அப்போதுதான் தெரிந்தது. உன் மேசையைத் துடைத்து மூடிவைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வரவேண்டாம், உனக்குக் கூட்டம் இருக்கும். சாவியை டைலரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போ. அவர் மறுபடி ஏதாவது கேட்கட்டும்.

வாரியத்தில் முதலில் ஒரு வருடம் விடுப்பு கேட்டிருக்கிறேன். அதற்கப்புறம் என்ன செய்வது என்று நம் வீட்டு நாற்காலிகளில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். என் இடத்தை உதவிப் பொறியாளர் பார்த்துக்கொள்வாள். போன மாதம் கணினியை அழித்ததும் அவள்தான், மீட்டதும் அவள்தான்.

மேலாளர் என் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தேர்தல்ல தோத்துட்டீங்கன்னுல்ல சொன்னாங்க. அப்புறம் அங்க என்ன வேலை?"

"காரணம்ங்கிற இடத்துல எழுதியிருக்கேன் சார்."

"மனைவின்னு மட்டும் எழுதியிருக்கீங்க. ஏன், அவங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இல்ல சார். நல்லா இருக்காங்க."

மேசையில் பேனாவைத் தேடி எடுத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

உன்
சாவகாசம்